மொச்சைத்தீவுக்குப் பறவை பார்க்க வந்தவர்கள்

மொச்சைத்தீவு என்று ஒரு நாடு இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. வரைபடத்தில் எங்கள் நாடு இருக்க வேண்டிய இடத்தில், அச்சடித்தவர்கள் தங்கள் அச்சகத்தின் பெயரைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெயரில் ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதுதான் நாம் என்று எங்கள் தலைவர் அணஞ்சபெருமாள் சொல்வார்.

அறிவில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது என்று நாங்கள் வெகுநாளாக நம்பியிருந்தோம். தீவில் எங்களைத் தவிர வேறு ஆள் இல்லாததால், அதை மறுத்துச் சொல்லவும் யாரும் இல்லை.

என் பெயர் உலகளந்தான். நான் அந்த நாட்டின் சுற்றுலாச் செயலாளர். ஒருமுறை படகில் வெற்றிலை மூட்டைமேல் படுத்துத் தூங்கிப்போய், அக்கரைவரை போய்விட்டேன். அங்கே ஒரு டீ குடித்துவிட்டு அதே படகில் திரும்பி வந்தேன். நாட்டிலேயே வெளிநாட்டு அனுபவம் உள்ள ஆள் நான் ஒருவன்தான் என்று தலைவர் அந்தப் பதவியைக் கொடுத்தார். என் மனைவி செண்பகவடிவு மட்டும், "தூங்கினதுக்குப் பதவியா?" என்று கேட்டாள். பெண்களுக்கு அரசியல் புரியாது என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் படகில்தான் வரும். அரிசி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே டீத்தூள். ஒருநாள் படகோட்டி மிக்கேல் துறையில் மூட்டைகளை இறக்கிவிட்டு, போகாமல் நின்றார். முகம் சரியில்லை. வெளியூர் ஆட்கள் யாருமே இந்தப் படகில் வருவதில்லையாம். முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லையாம். இப்படியே போனால் கார்த்திகையோடு படகை நிறுத்திவிடுவார்களாம்.

படகு நின்றால் டீ நின்றுவிடும் என்பது எங்களுக்கே உடனே புரிந்தது. அவ்வளவு பெரிய ஆபத்து அது.

மிக்கேல் நல்ல மனிதர். ஒரு யோசனையும் சொன்னார். அக்கரையில் பிலோமினா அம்மாள் என்று ஒரு டீச்சர். ஓய்வு பெற்றதிலிருந்து, பறவை பார்க்க ஆசைப்படுகிற ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். மொச்சைத்தீவின் உப்பங்கழியில்தான் பூநாரையும் உள்ளானும் நாரையும் இறைந்து கிடக்கிறதே, அவரை ஒருமுறை வரவழைத்தால் பின்னாலேயே கூட்டம் வரும் என்றார்.

அன்று தலைவர் வீட்டு முற்றத்தில் நாடு கூடியது. பறவை பார்க்க ஒருவர் காசு செலவழித்துக் கடல் தாண்டி வருவாரா என்பதுதான் விவாதம்.

"தலையைத் தூக்கினா தெரியுமே. அதுக்கு எதுக்குப் படகு?" என்றார் பொற்கொல்லர் கோமதிநாயகம். தீவில் தங்கமே கிடையாது என்பதால் அவருக்கு யோசிக்க நிறைய நேரம் உண்டு.

எல்லோரும் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் தலைவர் தொண்டையைச் செருமினார். "அவங்க ஊர்ல வானம் இல்லாம இருக்கலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளிநாடு போய் வந்தவன் நான்தானே. அக்கரையில் நான் டீ குடித்த கடைக்கு ஓட்டுக்கூரை போட்டிருந்தது. உள்ளே உட்கார்ந்து மேலே பார்த்தபோது வானம் தெரியவில்லை. அதை அப்படியே சொன்னேன். கூட்டம் "ஐயோ பாவம்" என்றது. வானம் இல்லாத மக்களுக்கு உதவுவது நம் கடமை என்று முடிவாகி, பிலோமினா அம்மாளை அழைக்கும்படி மிக்கேலிடம் சொல்லியனுப்பினோம்.

அடுத்த படகில் மிக்கேல் பதில் கொண்டுவந்தார். அம்மாள் வர ஒப்புக்கொண்டாராம். பறவைகள் மிரளக் கூடாது, ஆகவே தீவில் சத்தமே இருக்கக் கூடாது என்றாராம்.

தலைவர் உடனே தம் பெரிய முரசைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இனிமேல் யாரும் சத்தம் போடக் கூடாது என்று தெருத்தெருவாக அடித்துச் சொன்னார். முரசுச் சத்தத்தில் அவர் சொன்னது சிலருக்குக் காதில் விழவில்லை. ஆகவே இன்னும் ஓங்கி அடித்துக்கொண்டு மறுபடி ஒரு சுற்று வந்தார்.

மக்கள் அடங்கினார்கள். ஊர் அடங்கிய பிறகுதான், அதுவரை நாங்கள் கவனிக்காத ஒன்று காதில் விழுந்தது. தீவிலேயே அதிகம் சத்தம் போடுவது பறவைகள்தான்.

"அதுக சத்தத்துல அதுகளே மிரண்டா, நாம பொறுப்பில்ல" என்றார் கோமதிநாயகம். ஆனால் தலைவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற ஆள் இல்லை. வாயில் அல்வா இருந்தால் யாராலும் பேச முடியாது என்று அவருக்குத் தோன்றியது. அண்டா வைத்து அல்வா கிண்டினோம். உப்பங்கழிக் கரையில் வாழையிலை விரித்து, உருண்டை உருண்டையாக வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு பூநாரைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்தது. அல்வாவை வீணாக்க மனம் வரவில்லை. அன்று வீடு திரும்பும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆக, அம்மாள் சொன்னதில் பாதியாவது நடந்தது.

அதற்கடுத்த படகில் ஒரு கேள்வி வந்தது. பல நாடுகளில் பறவைகளைப் பிடித்துக் அடையாளத்துக்குக் காலில் வளையம் போட்டுப் பறக்கவிடுவார்களாம். மொச்சைத்தீவில் யாராவது வளையம் போட்டிருக்கிறார்களா என்று அம்மாள் கேட்டாராம்.

கோமதிநாயகத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வேலை வந்தது. ஆனால் அவர் நியாயமான மனிதர். கால் விரலில் போட்டால் அது மெட்டி, மெட்டி என்றால் கல்யாணமான பெண்ணுக்குத்தான் போட முடியும், எந்தப் பறவைக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று தெரியாமல் தன்னால் போட முடியாது என்று சொல்லிவிட்டார். உப்பங்கழிக்குப் போய் விசாரித்தோம். சரியான தகவல் கிடைக்கவில்லை.

போதாக்குறைக்கு, ஒரு பறவையும் கைக்கு அகப்படவில்லை. எங்களிடம் அகப்பட்டது ஒன்றே ஒன்று, தலைவர் வீட்டு வாத்து. அதற்குப் பித்தளையில் ஒரு மெட்டி செய்து போட்டோம். மெட்டி போட்ட பிறகு கல்யாணச் சாப்பாடு போடாமல் இருக்க முடியுமா? தலைவர் போட்டார். மாப்பிள்ளை யார் என்று பந்தியில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. வாத்தை மட்டும் நாங்கள் மரியாதையாகத்தான் நடத்தினோம்.

அந்தக் கல்யாணச் சாப்பாட்டோடு அரிசி குறைந்தது. முதலாளி படகில் சரக்கைக் குறைத்துவிட்டதால் டீத்தூளும் டப்பாவின் அடியைத் தொட்டுவிட்டது. செண்பகவடிவு டீ போடும்போதெல்லாம் டப்பாவை உள்ளங்கையில் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் வெளியே போய்விடுவேன்.

பிறகு அந்தச் சேதி வந்தது. வருகிற ஆட்கள் அரிய பறவைக்காகத்தான் வருவார்கள், அப்படிப்பட்டது ஒன்றே ஒன்று இருந்தால்கூடப் போதும், எங்கிருந்தாலும் கிளம்பி வந்துவிடுவார்கள் என்று அம்மாள் சொன்னாராம்.

"அரிய பறவைன்னா என்ன?" என்று தலைவர் கேட்டார்.

மிக்கேல் சொன்னார்: "ரொம்பக் கொஞ்சமா இருக்கிறது, தலைவரே. எளிதில காணக் கிடைக்காதது."

நாங்கள் நாட்டிலுள்ள பறவைகளை எண்ணிப் பார்த்தோம். பூநாரை எண்ணி முடியவில்லை. உள்ளான் அதற்கும் மேலே. நாரை, கொக்கு, கடற்காகம், எல்லாமே கூட்டம் கூட்டமாக இருந்தன. ஒன்றே ஒன்றாக இருந்தது தலைவர் வீட்டு வாத்து மட்டும்தான்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளாக இதை முற்றத்தில் கிடக்கிற சாதாரண வாத்து என்றல்லவா நினைத்திருந்தேன் என்றார்.

இப்போது ஒரு சிக்கல். வருகிறவர்கள் இந்த ஒற்றை வாத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் நாலா பக்கமும் ஆயிரக்கணக்கில் மற்றப் பறவைகள் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. விருந்தாளி கண்ணில் படுகிற இடத்தில் இப்படிக் குப்பையாக விட்டு வைக்கலாமா? அம்மாள் வருகிற அன்று காலையில் நாடே திரண்டு உப்பங்கழிக்குப் போனது. சத்தம் போடக் கூடாது என்பது எங்களுக்கு நினைவிருந்தது. ஆகவே வாயைத் திறக்காமல், மேல்துண்டையும் முறத்தையும் பழைய பாயையும் மட்டும் வீசினோம்.

வானமே எழுந்து போன மாதிரி இருந்தது. வெள்ளையும் சிவப்புமாக, தலைக்கு மேலே ஒரு நதி ஓடுவதுபோலப் பூநாரைகள் அக்கரைத் திசையில் போயின. கடைசிப் பறவையும் மறைந்த பிறகு உப்பங்கழி துடைத்து வைத்த தாம்பாளம் மாதிரி கிடந்தது. அப்படி ஒரு அமைதி. பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பினோம்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. பறவை பார்க்கிற இடத்தில் பச்சை உடுப்புப் போட்டுக்கொண்டு, ஆடாமல் அசையாமல் மரத்தோடு மரமாக நிற்க வேண்டும், ஆள் இருப்பதே தெரியக் கூடாது என்று அம்மாள் முன்பே சொல்லியிருந்தார். ஊரில் பச்சைத் துணி போதவில்லை. செண்பகவடிவு தன் பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டாள். மற்றவர்கள் வாழையிலையைச் சுற்றிக்கொண்டோம். படகு கண்ணுக்குத் தெரிந்ததும் துறையைச் சுற்றி ஆளுக்கொரு இடத்தில் போய், கையை விரித்துக்கொண்டு நின்றோம்.

படகு வந்தது. பிலோமினா அம்மாள் இறங்கினார். நரைத்த தலை, வெயிலுக்குத் தொப்பி, கழுத்தில் தூரக்கண்ணாடி. பின்னால் நாலைந்து பேர் பைகளோடு இறங்கினார்கள். வரவேற்க ஒரு ஆள் இல்லை.

"ஐயா, ஊருக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று என்னிடம்தான் கேட்டார்.

மரம் பேசாது. அவர் இன்னொரு முறை கேட்டார். என் முதுகில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. மரத்தில் எறும்பு ஏறுவது வழக்கம்தான் என்று பொறுத்துக்கொண்டேன். அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த பையைக் கழற்றி, நீட்டியிருந்த என் கையில் மாட்டினார். தொப்பியைக் கழற்றி மற்றக் கையில் மாட்டினார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் என்றும் நின்றதில்லை.

தலைவரின் நிலைமைதான் மோசம். ஆடு ஒன்று வந்து அவர் இடுப்பிலிருந்த வாழையிலையைத் தின்ன ஆரம்பித்தது. அவர் அசையவில்லை. நாட்டுக்குத் தலைவர் என்றால் சும்மாவா? இலை குறையக் குறைய, பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அம்மா, நான் மரம். நான் பேசக் கூடாது" என்றேன். "எதா இருந்தாலும் தலைவரைக் கேளுங்க. அந்தப் புளியமரம்தான் அவரு. கொஞ்சம் சீக்கிரமாக் கேட்டா நல்லது."

ஒருவழியாக எல்லோரும் மனிதர்களானோம். தலைவருக்கு யாரோ துண்டு கொடுத்தார்கள்.

அம்மாள் முதலில் கேட்டது பூநாரைகளைப் பற்றி. வருகிற வழியில் படகுக்கு மேலே ஆயிரக்கணக்கில் எதிர்த்திசையில் போயினவாம், தம் ஆயுசில் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லையாம், அவை எங்கிருந்து வந்தன என்று தெரியுமா என்றார்.

"நாங்கதான் விரட்டினோம்" என்றார் தலைவர் அடக்கமாக. "உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமேன்னு."

அம்மாளோடு வந்தவர்களில் ஒருவர் மெல்ல அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் வீட்டு முற்றத்தில் வாத்தை நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம். மெட்டியைப் புளி போட்டு விளக்கியிருந்தார் கோமதிநாயகம். நாட்டின் ஒரே அரிய பறவை இதுதான் என்று நான் அறிமுகம் செய்தேன். வாத்து ஒருமுறை கத்திவிட்டு நாற்காலியை அசிங்கம் செய்தது.

பிலோமினா அம்மாள் தம் தூரக்கண்ணாடியைத் தலைவரிடம் நீட்டி, நீங்களே இதில் பாருங்கள் என்றார். தலைவர் வாங்கிக் கண்ணில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு என்னைத் தனியே அழைத்துப் போய், வாத்து திடீரென்று எருமைக் கன்று அளவுக்கு வளர்ந்துவிட்டது, யாரிடமும் சொல்லாதே, முதலில் கூட்டின் வாசலை இடித்துப் பெரிதாக்கச் சொல் என்றார். சாயங்காலத்துக்குள் இடித்துவிட்டோம். வாத்து அந்தக் கூட்டுக்குள் தொலைந்துபோய்த் தேட வேண்டியிருந்தது தனிக் கதை.

அம்மாள் திரும்பிப் போய்த் துறையின் கற்படியில் உட்கார்ந்தார். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தோம். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கே தப்பு செய்தோம் என்பது புரியவில்லை, ஆனால் எங்கேயோ செய்துவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது. செண்பகவடிவு வீட்டுக்குப் போய், டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி, மிச்சமிருந்த டீத்தூள் எல்லாவற்றையும் போட்டு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்தாள். "எங்க ஆளுக இப்படித்தான்மா, மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

அம்மாள் கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். டீயை முழுசாகக் குடித்தார்.

"பறவைக எங்கேயும் போகாது. சாயங்காலமே திரும்பிரும்" என்றார். "ஆனா ஒன்னு செய்யுங்க. வெளியூர்ல இருந்து வர்றவங்க மாதிரி, உங்க நாட்டை நீங்களே ஒருதடவை வந்து பாருங்க. வர்றவங்களுக்கு என்ன வேணும்னு அப்பத்தான் உங்களுக்குப் புரியும்."

வேறு எதையும் செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் படகேறினார்.

அவர் சொன்னபடியே சாயங்காலம் பூநாரைகள் திரும்பி வந்தன. ஆனால் நாங்கள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. நாடு கூடியிருந்தது.

"நம்ம நாட்டுக்கு நாம எப்படி வர்றது? நாமதான் இங்கேயே இருக்கோமே" என்றார் தலைவர்.

"அதான் சிக்கலே" என்றார் கோமதிநாயகம். "முதல்ல போகணும். போனாத்தான் வர முடியும்."

அந்த மனிதரைப் பொற்கொல்லராக வைத்திருந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்று எல்லோருக்கும் விளங்கியது. அடுத்த படகில் நாடு முழுவதும் ஏறி வெளியே போவது, அக்கரையைத் தொட்டுவிட்டு வெளியூர்க்காரர்களாகத் திரும்பி வருவது, தீவைச் சுற்றிப் பார்ப்பது, மறுபடி அக்கரைக்குப் போய், அங்கிருந்து ஊர்க்காரர்களாக வீடு வந்து சேர்வது என்று முடிவானது. வருகிறவர்களை வரவேற்க ஒருவர் இங்கே இருக்க வேண்டுமே. சுற்றுலாச் செயலாளர் எதற்கு இருக்கிறார்?

அப்படித்தான் நான் தனியாக நின்றேன். நாட்டில் நானும் வாத்தும் மட்டும். உலை வைக்கத் தெரியாமல் இரண்டு வேளை கருகிய சோற்றைத் தின்றேன். செண்பகவடிவு இல்லாத வீடு, வீடாகவே இல்லை.

மறுநாள் படகு வந்தது. மிக்கேல் வாய் கொள்ளாமல் சிரித்தார். இத்தனை சுற்றுலாப் பயணிகளைப் பார்த்த முதலாளி, படகை நிறுத்துவதாவது, புதுப் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்றாராம். டீத்தூள் மூட்டையும் இறங்கியது.

பயணிகள் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் மாலை போட்டு, எந்த ஊர் என்று விசாரித்தேன். எல்லோரும் அக்கரை என்றார்கள். துண்டு போட்ட ஒரு பெரியவர், துறையில் நிழலுக்கு ஒரு கொட்டகைகூட இல்லையே, இந்த நாட்டுக்குத் தலைவன் என்று ஒருவன் இருக்கிறானா என்று சத்தம் போட்டார். தலைவர் ஊரில் இல்லை, வந்ததும் சொல்கிறேன் என்று பணிவாகச் சொன்னேன். உப்பங்கழிக்கு அழைத்துப் போனேன். அவர்கள் பூநாரைகளைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுக்குக்கூட மெட்டி இல்லையே, பாவம் என்றார்.

பயணிகளில் பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் மட்டும் கொஞ்சம் பின்தங்கி என்னோடு நடந்து வந்தாள். களையான முகம். என் சட்டையின் கசங்கலைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"ஆயிட்டும்மா. அவ வெளிநாடு போயிருக்கா."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

நான் கருகின சோற்றைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் நேரே என் வீட்டுக்குப் போனாள். வெளியூர்க்காரி, புளிப்பானை எது, உப்புச் சாடி எது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் கை வைத்த இடத்தில் இருந்தது. மீன்குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். என் மனைவியின் கைப்பக்குவம் யாருக்கும் வராது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், இது ஒரு படி மேலேதான் இருந்தது.

படகு கிளம்பும்போது அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டவன் கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொண்டு, படகு மறைகிறவரை துறையிலேயே நின்றேன்.

மறுநாள் என் மனைவி ஊர் திரும்பினாள். பயணம் எப்படி என்று கேட்டேன். நன்றாக இருந்தது என்றாள். மீன்குழம்பைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. கட்டிய மனைவியிடம் இன்னொருத்தி சமையலைப் புகழ்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

அவளும் அன்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "வெளிநாட்டுல ஒரு ஆளைப் பார்த்தேன், பாவம், பெண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டாளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

அன்றிலிருந்து அவளைத் தனியாகப் படகேற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.